திருப்பிக் கேட்க ஓர் ஆள்

தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவித்தால் போதும் என்றார். சரியான முடிவு. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வேலை பட்டியல் சாதியார் தலையில் பரம்பரையாகக் கட்டப்பட்டிருந்தது. செய்தி எவ்வளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தாலும் அந்த இழிவுக்கு அது ஈடாகாது.

ஆனால் தண்டோராவோடு இன்னொன்றும் போய்விட்டது. காட்டு வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் பொழுது பார்த்துத்தான் அறிவிப்பு வரும். மாட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் கிழவி, "என்னப்பா சொல்றே, ரேஷன் கார்டும் கொண்டாரணுமா?" என்று கேட்பாள். தண்டோரா போடுபவர் நின்று பதில் சொல்வார். ஆட்டோவில் ஓடும் பதிவுக் குரலை அப்படி நிறுத்த முடியாது. முகாம் எந்தத் தேதி என்று காதில் விழுமுன் வண்டி அடுத்த தெருவில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்கலாம், செலவும் இல்லை. ஆனால் போன் மகனிடம், மகன் திருப்பூரில்.

சாதிச் சுமை இல்லாமலே இந்தக் கேள்வி-பதிலை மீட்க முடியும் என்பதற்கு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் நல்ல சான்று. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருபவர் அதே பகுதிப் பெண். "இதைப் போட்டா தலை சுத்துதும்மா" என்று அவரிடம் தயங்காமல் சொல்லலாம். டாக்டரிடம் சொல்லத் தயங்கும் சொல் அது. இந்தத் திட்டத்தின் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான்.

குறையும் அந்த வாசற்படியிலேயே இருக்கிறது. பகலில் அந்தப் பெண் வரும்போது வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பதில்லை. அதனால்தான் 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று பணியிடங்களுக்கே போகத் தொடங்கினார்கள். கம்பெனி கேட்டுக்குள் நிரந்தரமாக வேலை பார்ப்பவருக்கு அது உதவும். நாளுக்கொரு கட்டடத்தில் வேலை பார்க்கும் கொத்தனாரும் சித்தாளும் வீட்டிலும் அகப்படுவதில்லை, கம்பெனிப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் ஒன்றாகக் கிடைக்கும் இடம், காலையில் தூக்குவாளியோடு கூலிக்கு நிற்கும் நாற்சந்தி. பிரஷர் பார்க்கும் கருவியோடு அங்கே ஏழு மணிக்குள் போக வேண்டும். அலுவலக நேரத்துக்குப் போனால் டீக்கடை பெஞ்சு மட்டும்தான் இருக்கும்.