வசந்த வேட்கையும் ஷெல்லியின் மேல்காற்றும்

மனோரதியக் கவிஞர்களுள் ஒரேயொரு வரியினால் மாத்திரம் நினைவுகூரப்படும் அவலத்துக்கு ஷெல்லியைப் போல் உள்ளானவர் வேறொருவர் இலர் எனலாம். மேல்காற்றை விளித்து அவர் பாடிய கவிதையின் இறுதியில், வசந்தத்தின் அண்மை பற்றி எழும் வினா நாட்காட்டிகளிலும் மேடைப் பேச்சுக்களிலும் இடம்பெற்று, துன்பத்தின் பின் இன்பம் வரும் என்ற ஆறுதல் மொழியின் நிலைக்கு இறங்கிவிட்டது. ஆயின் எழுபது வரிகள் கொண்ட அக்கவிதை முழுவதும் இலையுதிர்காலக் கவிதையே என்பது மனங்கொள்ளத்தக்கது. வசந்தம் அதில் ஓரிரு இடங்களில் மட்டுமே தலைகாட்டுகின்றது. எஞ்சியவை உதிரும் இலைகள், கொந்தளிக்கும் முகில்கள், பிளவுண்ட கடல் ஆகியனவே. அழிவை இத்துணை நெருக்கமாக நோக்கிய கவிஞன் எவ்வாறு நம்பிக்கையின் கவிஞனாகக் கொள்ளப்படுகின்றான் என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டியது.

தமிழ் வாசகருக்கு இங்கு ஒரு சிறு தடை உண்டு. நமது மரபிலே தெற்கிலிருந்து வரும் தென்றலே இளவேனிலின் காற்று. மேற்கிலிருந்து வருவது கோடை. ஷெல்லி கண்ட மேல்காற்றோ புளோரன்ஸ் நகரின் அருகே ஆர்னோ ஆற்றங்கரைக் காட்டில், 1819 ஒக்டோபரில், மழையையும் இடியையும் சுமந்து வந்த காற்று. திசைப்பெயரை மட்டும் மொழிபெயர்த்தால் பொருள் வந்துவிடாது.

அக்காற்று வீசிய ஆண்டும் கவனத்துக்குரியது. 1819 ஆகஸ்ட் 16ஆந் திகதி மான்செஸ்ரர் நகரின் சென் பீற்றர் திடலிலே, பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரி ஏறத்தாழ அறுபதினாயிரம் மக்கள் திரண்டனர். அவர்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. குறைந்தது 15 பேர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வோட்டர்லூப் போரை எள்ளி 'பீற்றர்லூ' என மக்கள் இதற்குப் பெயரிட்டனர். செப்டெம்பர் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்த ஷெல்லிக்குச் செய்தி எட்டியது. அவர் உடனே எழுதியது மேல்காற்றுக் கவிதையை அன்று. பாமரரும் பாடத்தக்க கதைப்பாடல் வடிவிலே, அமைச்சர்களைப் பெயர்சுட்டித் தாக்கி, அடிமைத்தனமென்பது உயிரைப் பிடித்துவைக்க மட்டுமே போதுமான கூலிக்கு உழைப்பதென வரையறுத்து, 'அராஜகத்தின் முகமூடி' என்ற நெடும்பாடலை எழுதினார். அதனை நண்பர் லீ ஹண்டுக்கு அனுப்பினார். இளவரசரை இகழ்ந்து எழுதியதற்காக ஏலவே ஈராண்டு சிறையிலிருந்த ஹண்ட் அதனை வெளியிடவில்லை. ஷெல்லி கடலில் மூழ்கி மாண்டு பத்தாண்டுகள் கழிந்த பின்னர், 1832இலேயே அது அச்சேறிற்று. மாறாக, மேல்காற்றுக் கவிதை அடுத்த ஆண்டிலேயே, 1820இல், எவ்விதத் தடையுமின்றி வெளிவந்தது.

நேர்மொழி தடுக்கப்பட்ட காலத்திலே பருவமொழி அனுமதிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். எனினும் பருவ உருவகத்தை அடக்குமுறைக்கு அஞ்சிய மாறுவேடம் என்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. உருவகம் தனக்கென ஒரு தர்க்கத்தையும் உடையது. அத்தர்க்கத்தில் ஆபத்தும் உண்டு. குளிர்காலத்தின் பின் வசந்தம் வருவதற்கு எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. வந்த வசந்தம் நிலைப்பதுமில்லை. 1848இன் ஐரோப்பிய எழுச்சிகள், 1968இன் பிராக், 2011இன் அரபு நாடுகள் என வரலாற்றில் வசந்தம் என்ற பெயர் பலமுறை சூட்டப்பட்டது. அவை வீழ்த்தப்பட்டபோது 'மீண்டும் குளிர்காலம்' என்று எழுதப்பட்டது. பிராக் நகருக்குள் அவ்வாண்டு ஆகஸ்டில் நுழைந்தவை தாங்கிகள். அவற்றை அனுப்பியோர் சோசலிசத்தின் பெயராலேயே அனுப்பினர். எகிப்தில் 2013 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றியது இராணுவம். பருவத்தின்மேல் பழியைப் போடுமிடத்து, செய்தவர் தப்பிக்கொள்கின்றனர். முற்போக்குக் கவிதையில் வசந்தத்தை எடுத்தாளும் நம்மவர்களும் இதனைச் சிந்தித்தல் நன்று.

ஷெல்லி இவ்வாபத்தை உணர்ந்திருந்தார் என்பதற்குக் கவிதையின் கட்டமைப்பே சான்று. ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் பதினான்கு வரி. தாந்தேயிடமிருந்து பெற்ற மூவடி யாப்பில், ஒவ்வொரு மூவடியின் நடுவடி இயைபும் அடுத்த மூவடிக்குக் கடத்தப்படுவதால் பாட்டு எங்கும் தங்காது விரைகின்றது. முதல் மூன்று பகுதிகளில் காற்றே கருத்தா. நிலம், வானம், கடல் யாவும் அதற்கு அடங்கியவை. நான்காம் பகுதியில் 'நான்' நுழைகின்றான். இலையாகவும் முகிலாகவும் அலையாகவும் தன்னைத் தூக்கிச் செல்லுமாறு வேண்டுகின்றான். ஈராண்டுக்குள் இரு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒருவனின் சோர்வு அது. ஐந்தாம் பகுதியிலோ நிலை மாறுகின்றது. இலையாக இருக்க விரும்பியவன் இசைக்கருவியாக விரும்புகின்றான். பின்னர் காற்றாகவே ஆக விரும்புகின்றான். இறுதியில் தன் சொற்களை, முற்றாக அவியாத அடுப்பிலிருந்து பறக்கும் சாம்பரும் பொறியுமாக மனிதரிடையே தூவக் கேட்கின்றான். இயற்கையில் தொடங்கிய கவிதை மனிதரிடையே வந்து சேர்கின்றது. முடிவு கூற்றாக அமையாது வினாவாக அமைவதும் இதனாலேயே. வினாவுக்கு விடை கேட்போரிடம் விடப்பட்டுள்ளது.

இலையும் முகிலும் எவ்வகையில் ஒத்தன என 1936இல் லீவிஸ் எழுப்பிய ஆட்சேபம் நுணுக்கமானதே. ஆயினும் ஓடும் காற்றைப் பாடும் கவிதையை அசையாப் படமாக நிறுத்தி அளக்கும் அளவுகோல் அது. கோட்வெல்லின் விமர்சனம் இதனினும் கனதியானது. ஷெல்லியின் குரல், தன் விடுதலையையே மானுடம் முழுவதினதும் விடுதலையாக எண்ணிய பூர்ஷுவா வர்க்கத்தின் குரல் என்றார் அவர். விலங்குகள் உடைந்தால் மனிதன் இயல்பாகவே நல்லவனாய் எழுவான் என்ற ஷெல்லியின் நம்பிக்கை குறித்து இது பெரிதும் உண்மை. ஆயின் நூல்களின் பிற்கால வரலாற்றை இக்கணிப்பு விளக்குவதில்லை. 1813இல் தனிப்படச் சிலருக்காக அச்சிடப்பட்ட 'மாப் அரசி', திருட்டுப் பதிப்புகளாக மலிவு விலையில் பரவி, சாசன இயக்கத்தினரின் வேதநூல் என்று பெயர் பெற்றது. ஷெல்லியைப் பெரும்பாலும் வாசிப்போர் தொழிலாளரே என ஏங்கெல்ஸ் 1845இல் குறித்தார். வர்க்கத் தோற்றம் ஒன்று. வாசித்த வர்க்கம் வேறொன்று. கவிதையின் பொருளில் இரண்டுக்கும் பங்குண்டு.

ஷெல்லியின் வாசகருள் நம்மவர் ஒருவரும் உளர். இளமையில் 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரைப் பூண்ட பாரதி, பின்னர் ருஷ்யப் புரட்சியைப் பாடியபோது வசந்தத்தை நாடவில்லை, சூறைக்காற்றையே நாடினார். புரட்சியைப் பராசக்தியின் கடைக்கண் பார்வைக்கு உரியதாக்கியமை அவரது கருத்துமுதல்வாத எல்லையைக் காட்டுவது என்பது மறுப்பதற்கில்லை. எனினும் அதே பாட்டில் ஜார் ஆட்சியின் வீழ்ச்சிக்கு அவர் காட்டும் உவமை புயலில் மரங்கள் சாய்ந்த காடு. ஷெல்லியின் உதிர்ந்த இலைகள் மண்ணுக்கு உரமாகின்றன. பாரதியின் வீழ்ந்த மரங்களோ விறகாகின்றன. உரமாக்குவது பருவம், விறகாக்கி அடுப்பில் இடுவது மனிதக் கை.