நாடகத்துக்கு ஒரு பாடவேளை

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பிள்ளை ஆறாம் தரத்துக்கு வந்ததும் அழகியல் பாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றில் எதற்குப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரோ அதில் ஒன்று. நாடகத்தை எடுத்த பிள்ளை அதையே ‘நாடகமும் அரங்கியலும்’ என்ற பெயரில் சாதாரண தரப் பரீட்சையில் எழுதலாம்; உயர்தரத்துக்கும் கொண்டுபோகலாம். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ பட்டம் பெற்று, நியமனமும் கிடைத்துவிட்டால், தான் படித்த பள்ளிக்கே நாடக ஆசிரியராகத் திரும்பி வரலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதையின் முதல் படியே இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கு ஆசிரியர் உண்டு, இசைக்கு உண்டு, தையலுக்கு உண்டு, உடற்கல்விக்கு உண்டு. நாடகத்துக்கு ஒரு பணியிடமும் கிடையாது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு எடுத்தது. அந்தப் பட்டியலில் கணினியும் தோட்டக்கலையும்கூட இருந்தன, நாடகம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளைச் சேர்த்து 1918இல் மதுரையில் பாலசபா தொடங்கிய மாநிலம் இது. சிறுவர்களே நடித்த அத்தகைய ‘பாய்ஸ் கம்பெனி’களில் வளர்ந்தவர்கள்தான் அடுத்த அரை நூற்றாண்டு மேடையையும் திரையையும் ஆண்டார்கள். இங்கே பிள்ளைகள் நாடகத்துக்குப் போனார்கள்; நாடகம் மட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கு வரவில்லை.

இலங்கையில் அது வந்து சேர்ந்ததற்குப் பல்கலைக்கழகம் பெரிய காரணம். 1956இல் பல்கலைக்கழக ஆசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் சிங்கள நாடகத்துக்குப் புது மதிப்பைத் தேடித் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டே ஆடவைத்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. படித்தவர்கள் கூத்தாடுவதும் கூத்தை ஆராய்வதும் கௌரவமான காரியம் ஆயின. அந்த மாணவர் கூட்டத்திலிருந்து வந்த சி. மௌனகுரு பின்னாளில் ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடரை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ என்று சிறுவர்களுக்கே நாடகம் எழுதினார். 1970களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்காக நாடக டிப்ளோமா ஒன்றை நடத்தியது. அதில் பயின்ற பள்ளி ஆசிரியர்களில் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியவர் அவர். பள்ளி நாடகம் என்றாலே ஒட்டு மீசையும் அட்டைக் கிரீடமும் என்றிருந்த காலம் அது. பெரியவர்களின் நாடகத்தைச் சின்ன உடம்புகள் ஒப்பிக்கும். நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகளுக்கு வேடம்; மற்றவர்களுக்குக் கை தட்டும் வேலை. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ இந்த வழக்கத்தை உடைத்தது. பாட்டு, தாளத்தோடு சேர்ந்த பேச்சு, மோடிப்படுத்திய (பாணியாக்கிய) அசைவு, எடுத்துரைஞர்கள், வெறும் மேடை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அத்தனை பேரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு. அதைவிட முக்கியம், அந்த நாடகத்தை உருவாக்கிய முறை. அரங்க விளையாட்டில் தொடங்குவார்கள். வட்டமாக நிற்பது, ஒருவர் செய்வதை எதிரில் நிற்பவர் கண்ணாடிபோல் செய்வது, உடம்புகளைக் கோத்து ஒரு ரயிலாகவோ சந்தையாகவோ ஆவது. பிறகு கதை. வசனம் கடைசியில்தான் வரும். வாசிக்கத் திணறும் பிள்ளையும் அங்கே பின்வரிசைக்குப் போகவேண்டியதில்லை. 2025 சனவரியில் தமது 93ஆம் வயதில் அவர் மறைந்தபோது, வடக்கின் பள்ளிகளில் நாடகம் கற்பிக்கும் பலரும் அவரைத் தங்கள் ஆசிரியராகவோ ஆசிரியரின் ஆசிரியராகவோ நினைத்து அழுதார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் ஒரு துறைக்கே பரம்பரையை விட்டுச் செல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தப் பரம்பரை வேலை பார்க்கப் பள்ளிகளில் இடம் இருந்ததுதான்.

சிங்களத்திலும் அவருக்கு இணையான ஒருவர் இருந்தார். சோமலதா சுபசிங்க 1981இல் சிறுவர், இளைஞர்களுக்கென்றே நாடக அமைப்பு ஒன்றைத் தொடங்கி, 2015இல் இறக்கும்வரை அதே வேலையாக இருந்தார்.

தமிழ்நாட்டிலும் ஆட்கள் இல்லாமல் இல்லை. நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம் 1967இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் தேறி, காந்திகிராமத்திலும் திருச்சூரிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். சிறுவர் அரங்கு அவருடைய தீராத ஆசை. புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலுள்ள நிகழ்கலைப் பள்ளியில் பயின்ற வேலு சரவணன் ‘கடல் பூத’த்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளி மைதானங்களுக்குப் போனார். மேடையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். மரத்தடி கிடைத்தால் போதும். பிள்ளைகள் சிரித்துப் புரண்டு அவர் பின்னாலேயே ஓடுவார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் இன்னும் ஆழமாகப் போனது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி விடிய விடிய ஆடினார்கள். இலங்கையின் எந்தப் பாடத்திட்டமும் எட்டாத உயரம் இது என்பேன். அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

இங்கேதான் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிகவும் வலிக்கிறது. சண்முகலிங்கம் போனபின்னும் நாடகப் பாடவேளை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மனிதர் களைத்தால், ஒரு நிறுவனம் நின்றால், அந்த வேலையும் அதோடு நின்றுவிடுகிறது. வேறு சிலவேளை ஓர் இயக்கம் வரும், கலைஞர்களை அழைக்கும், போய்விடும். 1990களின் அறிவொளிக் கலைப்பயணங்களில் எத்தனை இளைஞர்கள் தெருவில் ஆடிப் பாடி எழுத்தறிவைக் கொண்டுபோனார்கள்! 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும் கலைக்குழுக்கள்தான் ஊர் ஊராகப் போய்த் தன்னார்வலர்களையும் பெற்றோர்களையும் அழைத்தன. அழைப்பு முடிந்ததும் கலைஞருக்கு வகுப்பறையில் வேலை இல்லை.

ஆக, நாடகம் படித்த இளைஞர் இங்கே எங்கே போவார்? சினிமாவுக்குத்தான். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்ற பசுபதியும் குரு சோமசுந்தரமும் திரையில் சிறந்து விளங்குவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாய்ப்புக் கிடைத்த ஒருவருக்குப் பின்னால் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தனியார் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் ஒத்திகை நடத்துகிறார்கள். மே மாதம் கோடை முகாம். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. பேருந்துக் கட்டணமும் அதிலேயேதான். திருமணம், குழந்தை என்று வந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஈழத்தில் ஆள் இழுக்கும் பெரிய திரைத்தொழில் இல்லை. நாடகம் படித்தவருக்கு ஆசிரியப் பணியே கனவு. அந்தக் கனவும் எளிதில் கைகூடுவதில்லை. பட்டம் பெற்றவர்கள் நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆனாலும் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பதவி இருக்கிறது.

இலங்கைப் பக்கத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடம் என்று ஆனபின் பரீட்சை வரும். பரீட்சை வந்தபின் குறிப்பு வரும், டியூசன் வரும். கிரேக்க அரங்கு, பிரெக்டின் தூரப்படுத்தல், காத்தவராயன் கூத்தின் இயல்புகள் எல்லாம் எண் போட்ட விடைகளாகிவிடுகின்றன. செயன்முறைப் பரீட்சை இருந்தாலும் பள்ளியின் கவலை எழுத்துத் தாளில்தான். சிறுவர் அரங்கின் பண்புகளை மனப்பாடம் செய்த பிள்ளை, ஒரு சிறுவர் நாடகத்தைக்கூடப் பார்க்காமல் தேறிவிட முடிகிறது. சண்முகலிங்கம் கடைசியில் வைத்த சொல், வகுப்பில் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டியில் நாட்டுக்கூத்தும் நாடகமும் உண்டு. அதனால் பல பள்ளிகளில் கூத்து உயிரோடிருக்கிறது என்பது உண்மை. வலயம், மாகாணம், தேசியம் என்று வெற்றி பெற வேண்டுமே என்ற பதற்றத்தில் நன்றாக ஆடும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் கலைத்திருவிழாப் போட்டிகளுக்கும் இதே நோய் தொற்றத் தொடங்கியிருக்கிறது. போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்பவர் தமிழ் ஆசிரியரோ கணக்கு ஆசிரியரோதான். அவர்களின் உழைப்பு பெரியது; அதற்கான பயிற்சியை யாரும் அவர்களுக்குத் தரவில்லை.

பாடத்துக்கு வெளியே நாடகம் என்ன செய்யும் என்பதற்கும் மட்டக்களப்பிலேயே சான்று இருக்கிறது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் நேரத்தைக் கழித்தார்கள். மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. வீட்டில் சாவைப் பார்த்த பிள்ளைகள் அங்கே விளையாடினார்கள். நாடக ஆசிரியராக விரும்பும் எவரும், இலங்கையானாலும் இந்தியாவானாலும், அந்தப் பூங்கா நடந்த விதத்தைப் படித்தறிய வேண்டும்.

இந்திய அளவில் பார்த்தால் சிறுவர் நாடகம் பற்றிய அறிவே இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தேசிய நாடகப் பள்ளி 1989இலேயே கல்வி அரங்குக்கென்று தனிக் குழு அமைத்து, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்துவருகிறது. ஆனால் அதன் மொழி இந்தி. உசிலம்பட்டியில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. நமக்குத் தேவையான பாடத்திட்டமும் பயிற்சி முறையும் நாடகப் பிரதிகளும் நம் மொழியிலேயே, கடலுக்கு அந்தப் பக்கம், அரை நூற்றாண்டாகச் சேர்ந்து கிடக்கின்றன.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் இலங்கையின் வழியைத்தான் சொல்வேன். பதவி இருக்கும் இடத்தில் கற்பிக்கும் முறையைத் திருத்திக்கொள்ளலாம். ஒன்பதாம் தரம்வரை நாடகத்துக்கு எழுத்துத் தாளே வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் பாதி நோய் தீரும். இங்கே திருத்துவதற்குப் பதவியே இல்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியத்துக்கு ஒரு முழுநேர நாடக ஆசிரியர் என்று தொடங்கலாம். பள்ளிக்கு வாரம் ஒரு பாடவேளை, எட்டாம் வகுப்புவரை, தேர்வு இல்லாமல். முதல் அணிக்குப் பயிற்சி தர யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அனுபவமுள்ள நாடக ஆசிரியர்களை அழைக்கலாம். கலைத்திருவிழாவை மாநிலமெங்கும் நடத்திக்காட்டிய பள்ளிக் கல்வித்துறைக்கு 388 பணியிடங்கள் பெரிய சுமை ஆகாது. வரும் கல்வியாண்டிலேயே அதைச் செய்ய வேண்டும்.