மன்னார் மணலில் எவோ 10: வளைவில் வேலை செய்யும் பின்னச்சு

மன்னாரில் வேகக் காருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரும் ஏ14 வீதி தட்டை நிலத்தில் பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. பூநகரிப் பக்கம் போகும் ஏ32 வீதியும் அப்படித்தான். ஊர்மனைக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றர். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 10 காரின் 2 லீற்றர் டேர்போ எஞ்சின் தரும் சுமார் 300 குதிரைவலுவில் பெரும்பகுதி இங்கே சும்மா கிடக்கும்.

ஆனால் நான் பார்க்க விரும்பியது அதன் பின்னச்சை. அதற்குப் பெரிய வேகம் வேண்டாம். பிடிமானம் இடத்துக்கு இடம் மாறும் வளைவு ஒன்று போதும். காற்று கரைமணலை அள்ளித் தார் மீது கொட்டும் இந்தத் தீவில் அதற்குப் பஞ்சமில்லை.

வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடிய தூரம் ஓட வேண்டும். சாதாரண டிஃபரென்ஷல் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான். உட்சக்கரம் மணலில் வழுக்கினால் வெளிச்சக்கரமும் பலமிழக்கும். இதற்குப் பழைய மருந்து எல்எஸ்டி எனும் வழுக்கல் தடுக்கும் டிஃபரென்ஷல். அது இரு சக்கரங்களையும் ஓரளவு பிணைத்து வழுக்கலைக் குறைக்கும். ஆனால் பிணைந்த சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழலப் பார்ப்பதால் கார் நேரே போகத் துடிக்கும்.

1996இல் எவோ 4 காரின் பின்னச்சில் வந்த ஏவைசி எனும் கருவி இதை வேறு விதமாகத் தீர்த்தது. டிஃபரென்ஷலோடு வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பற்சக்கரங்கள், இரண்டு ஹைட்ரோலிக் கிளட்ச்சுகள். ஸ்டியரிங் கோணம், அக்சிலேற்றர், சக்கர வேகம், பக்கவாட்டு விசை ஆகியவற்றைப் பார்த்து, எந்தக் கிளட்ச்சைப் பிடிப்பது என்று கணினி முடிவெடுக்கும். உட்சக்கரத்தின் முறுக்குவிசையில் ஒரு பங்கு வெளிச்சக்கரத்துக்குப் போகும். வள்ளத்தில் ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் வலித்தால் அணியம் மறுபக்கம் திரும்புகிறதே, அதே கணக்கு. 2001இல் எவோ 7 காருக்கு, முன்பின் அச்சுகளுக்கு இடையிலான பிணைப்பைக் கட்டுப்படுத்தும் ஏசிடி வந்தது. 2003இல் எவோ 8 காரின் சுப்பர் ஏவைசி, இடம் மாற்றும் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கியது. 2007இல் வந்த எவோ 10 இவற்றோடு பிரேக்கையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

தாழ்வுபாட்டுப் பக்கம் மணல் படிந்த வளைவு ஒன்றில், 40 கிலோமீற்றர் வேகத்தில், தார் வீதிக்கான தார்மாக் நிலையில் நுழைந்தேன். முன்சக்கரங்கள் பிடி தளர்ந்து மூக்கு வெளியே நகர்ந்தது. வழமையான முன்சக்கர இழுவைக் காரில் அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். எவோவில் அக்சிலேற்றரை இலேசாக அமர்த்தியதும் மூக்கு உள்ளே வந்தது. ஸ்டியரிங்கை மேலும் திருப்பத் தேவைப்படவில்லை.

கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துக் கிறவல் பாதையில் ஸ்டியரிங்கிலுள்ள பொத்தானால் கிறவல் நிலைக்கு மாற்றினேன். ஏசிடி இறுக்கமாகப் பிடிக்கிறது. வால் அசைந்தாலும் எவ்வளவு அசையும் என்று முன்கூட்டியே தெரிகிறது. தியத்தலாவ பொக்ஸ்ஹில் போன்ற கிறவல் தளங்களில் எவோ ஏன் பழகிய பெயர் என்பது இங்கே புரியும்.

மன்னாரில் ஓட்டுபவருக்குக் கழுதைகளைச் சொல்லத் தேவையில்லை. திடீரென ஒன்று குறுக்கே வந்தால் என்னாகும்? வெறும் மைதானத்தில் பிளாஸ்ரிக் கான்களை நிறுத்தி, வெட்டித் திருப்பி மீண்டும் நேராக்கிப் பார்த்தேன். திருப்பும்போது வெளிச்சக்கரத்துக்குப் போன முறுக்குவிசை, நேராக்கும்போது எதிர்ப்பக்கம் மாறி வாலின் வீச்சை அடக்குகிறது. காலை எடுத்தபோதும் இது நடந்ததுதான் முக்கியம்.

இருந்தாலும் இந்தக் கருவி பிடிமானத்தை உண்டாக்காது. இருப்பதைப் பங்கிடும், அவ்வளவுதான். தேய்ந்த ரயரில் பங்கிட எதுவும் மிஞ்சாது. நாலு ரயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குத் தவறான சக்கர வேகம் போகும், கிளட்ச்சும் வீணாகத் தேயும். பனிக்கான ஸ்னோ நிலையும் இருக்கிறதே என்று கடற்கரையில் இறக்கிவிடவும் வேண்டாம். அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 14 சென்ரிமீற்றர்தான். வயிறு மணலில் அமர்ந்துவிட்டால் எந்த டிஃபரென்ஷலும் உதவாது.

பெரிய குறை உப்பு. ஏசிடி, ஏவைசி இரண்டுக்கும் அழுத்தம் தரும் ஹைட்ரோலிக் பம்ப் பின்பக்கத்தில் கீழே, தண்ணீரும் அழுக்கும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. அது துருப்பிடிப்பது எவோ 10 உரிமையாளர்கள் பல நாடுகளில் அறிந்த நோய். பம்ப் நின்றால் கார் ஓடும். ஆனால் மேலே சொன்ன திறமை எதுவும் இருக்காது. கடல் சூழ்ந்த மன்னாரில் அடிப்பாகத்தை அடிக்கடி நல்லதண்ணீரால் கழுவாமல் இந்தக் காரை வைத்திருக்க முடியாது.

இன்றைய பல குடும்பக் கார்களிலும் முறுக்குவிசைப் பங்கீடு என்று ஒரு வசதியைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உட்சக்கரத்தை இலேசாகப் பிரேக் பிடிக்கும் வேலை. மலிவானது, பழுது குறைவு; ஆனால் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுதான் காரைத் திருப்பும். தலைமன்னாருக்கும் வவுனியாவுக்கும் போய்வருபவருக்கு அதுவும் நல்ல ரயரும் தாராளமாகப் போதும்.

எவோ 10 தயாரிப்பு 2016இல் நின்றது. 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தாலும், பாவித்த கார்களுக்கான வயதெல்லை இதைத் தடுக்கிறது. ஆகவே வாங்குவதென்றால் நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடுவதில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். ஓட்டிப் பார்த்து மயங்குவதற்கு முன் கராஜில் உயர்த்திப் பம்பையும் குழாய்களையும் பாருங்கள், ஸ்கானரில் பழைய பிழைக் குறிகளைப் படியுங்கள். இவை சரியாக இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.