நுழைவு வடிகட்டலும் கூட்டுப் பாதுகாப்பும்: ஆர்எஃப்சி 2827 குறித்த ஒரு திறனாய்வு

2000 பிப்ரவரியில் யாகூ, ஈபே, அமேசான், சிஎன்என் ஆகிய தளங்கள் சேவை மறுப்புத் தாக்குதல்களால் முடங்கின. அவ்வாண்டு மே மாதத்தில் பால் ஃபெர்குசன், டேனியல் சீனி ஆகியோர் எழுதிய ஆர்எஃப்சி 2827 வெளிவந்தது. இது புதிய ஆவணமன்று. 1998 சனவரியில் அவர்களே வெளியிட்ட ஆர்எஃப்சி 2267இன் திருந்திய வடிவமாகும். முகவரி மோசடிக்கான தீர்வு முன்னரே கூறப்பட்டிருந்தும் அது பரவாமைக்குரிய காரணம் ஆராயத்தக்கது.

ஆவணம் கூறும் முறை எளியது. ஒரு வாடிக்கையாளரின் வலையமைப்பிலிருந்து வரும் பொதிகள், அவருக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளையே மூலமுகவரியாகக் கொண்டுள்ளனவா எனச் சேவை வழங்குநரின் திசைவி சோதிக்க வேண்டும். பொய்ம்முகவரி தாங்கியவற்றைக் கைவிட வேண்டும். மெய்யான முகவரிகளிலிருந்து எழும் வெள்ளத்தை இது தடுக்காது என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. இந்நேர்மை பாராட்டுக்குரியது.

குறை வேறிடத்தில் உள்ளது. வடிகட்டியை அமைக்கும் உழைப்பும் பிழை நேரின் வாடிக்கையாளரின் முறையீடும் ஒரு நிறுவனத்தைச் சார்கின்றன. பயனோ பெரும்பாலும் அந்நிறுவனம் அறியாத வேறொருவரைச் சென்றடைகிறது. தாக்குதலின் தோற்றுவாயைத் தேடுதல் எளிதாகும் என்று ஆவணம் ஒரு நன்மையைச் சுட்டுகிறது. அத்தேடலில் அக்கறையுடையவரும் தாக்கப்பட்டவரே. ஆவணம் எல்லா வழங்குநரையும் வலியுறுத்தி வேண்டுகிறது. வேண்டுகோளுக்கு இணங்காதவர் இழப்பது யாது என்னும் வினாவை எழுப்பவில்லை. பொறியியல் ஆவணத்தில் பொருளியலைத் தேடுவது முறையா எனக் கேட்கலாம். ஒத்துழைப்பையே மருந்தாக முன்வைக்கும் ஆவணத்திடம் அவ்வினா முறையானதே.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2013 மார்ச்சில், ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின்மீது விநாடிக்குச் சுமார் 300 கிகாபிட் அளவில் தாக்குதல் நிகழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. இலக்கின் முகவரியைப் பொய்யாகத் தாங்கிய சிறு வினவல்கள், எவர்க்கும் விடையளிக்கும் டிஎன்எஸ் வழங்கிகளை அடைந்தன. பன்மடங்கு பெருத்த விடைகள் இலக்கின்மேல் பாய்ந்தன. வடிகட்டாத வலையமைப்புகள் எஞ்சியிருந்தமையாலேயே இது இயன்றது. 2014இல் தோன்றிய மேன்ர்ஸ் என்னும் தன்விருப்ப உடன்பாட்டிலும், வலையமைப்பு இயக்குநர்க்கு முகவரி மோசடித் தடுப்பு பரிந்துரையாகவே அமைந்தது, கட்டாயமாகவில்லை.

பிற்கால முயற்சிகள் இச்சிக்கலைத் தீர்க்காமல் விலகிச் செல்கின்றன. டாட்ஸ் நெறிமுறை, தாக்கப்படுபவர் தம்மைக் காப்பவரிடம் உதவி கோரும் சைகையை வரையறுக்கிறது. உள்வரும் இணைப்பு நிரம்பி வழியும்போதும் சைகை சென்றுசேர வேண்டும் என்பதற்காக அது யுடிபியைப் பயன்படுத்துவது நுட்பமான வடிவமைப்பு. ஆயினும் இரு தரப்பும் முன்னரே ஒருவரையொருவர் உறுதிசெய்திருத்தல் வேண்டும். அயலாரிடம் அது பேசாது.

நெதர்லாந்தில் 2018 சனவரியில் ஏபிஎன் ஆம்ரோ, ஐஎன்ஜி, ராபோபாங்க் வங்கிகளும் வரித்துறையும் தாக்கப்பட்டபின் ஒரு கூட்டமைப்பு உருவானது. உறுப்பினர்கள் தாம் கண்ட தாக்குதலின் பண்புகளைச் சுருக்கி, ‘கைரேகை’ எனப் பெயரிட்டுப் பகிர்கின்றனர். கூட்டாகத் தாக்குதல் ஒத்திகையும் நடத்துகின்றனர். ஃபெர்குசனும் சீனியும் எதிர்பார்த்த ஒத்துழைப்பைவிட இது உறுதியானது. இங்கு கொடுப்பவரே நாளை பெறுபவராகவும் ஆகக்கூடும். ஆனால் பொய்ம்முகவரிப் பொதிகளை வெளியே அனுமதிக்கும் தொலைதூர வழங்குநர் இக்கூட்டத்தில் இல்லை. அவருக்கு இதில் சேரக் காரணமும் இல்லை.