உப்புச் சாலையில் பழைய டகோமா

முதல் தலைமுறை டொயோட்டா டகோமா 1995 முதல் 2004 வரையிலான மாடல். அதன் 3.4 லிட்டர் வி6 எஞ்சினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றி ஆயிலைக் கவனித்துக்கொண்டால், நான்கு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகும் முதல் சாவியில் உறுமும். ஆனால் வெர்மான்ட், மேய்ன், ஒன்டாரியோ என்று பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டும் ஊர்களில் இந்த பிக்கப்பின் ஆயுளை எஞ்சின் முடிவு செய்வதில்லை. சேசிஸ்தான் முடிவு செய்கிறது. ஆகவே, குளிர் வருமுன் பார்க்க வேண்டிய வேலைகள் வண்டிக்கு அடியில் படுப்பதிலிருந்து தொடங்குகின்றன.

இதன் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி வடிவம். வளையாது, முறுகாது, கெடுதலும் அங்கேதான். துளைகள் வழியே உள்ளே போகும் சேறும் உப்பும் வெளியே வர வழி தெரியாமல் தங்கிவிடுகின்றன. வெளிப்பூச்சு கருப்பாக, ஒழுங்காகத் தெரியும்போதே உள்ளிருந்து தகடு அரித்துப் போயிருக்கும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடமும் அதை ஒட்டிய பகுதியும் முதலில் போகும். சாதாரணப் பாறை உப்பு மைனஸ் 9 டிகிரி வரைதான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அதற்குக் கீழே மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கரைசல்களையும் தெளிக்கிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாலை காய்ந்தாலும் இரும்பு காயாது.

நம்பகத்தன்மை என்ற ஒரே சொல்லை வைத்து உலகம் முழுக்க வண்டி விற்கும் நிறுவனத்துக்கு இந்தத் துரு சின்னக் கறை அல்ல. 2008இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேசிஸ் துருவுக்கு 15 ஆண்டு உத்தரவாதம் அறிவித்தது. சரிசெய்ய முடியாதவற்றை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பின்னர் 2001 முதல் 2004 வரையிலான வண்டிகளுக்கும் உத்தரவாதம் நீண்டது. தாராளமான செயல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த தலைமுறை டகோமாவும் துருப்பிடித்து வழக்கில் போய் நின்றது. 2016இல் பெரும் தொகைக்குச் சமரசம் ஆனது. ஒரே பாடத்தை இரண்டு தலைமுறைக்குப் படித்த கம்பெனி என்ற எரிச்சல் உரிமையாளர்களிடம் இன்னும் தீரவில்லை. இப்போது அந்த 15 ஆண்டுகளும் கடந்துவிட்டதால், மிஞ்சியிருக்கும் வண்டிகளுக்கு உரிமையாளரின் சுத்தியல்தான் ஆய்வாளர்.

சுத்தியல் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. சேசிஸின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாகப் பொரிந்து விழுந்தாலோ, அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் பனிக்கால டயருக்கு வைத்திருந்த பணத்தை வெல்டருக்கு ஒதுக்குவதே புத்தி. கூடவே பிரேக் குழாய்களையும் பார்த்துவிட வேண்டும். எஃகுக் குழாயில் துரு புடைத்திருந்தால் சுரண்டிச் சமாளிக்காமல், செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றுவதே சரி. அது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்.

தகடு தாங்கும் என்று தெரிந்தபின் எண்ணெய்ப் பூச்சு. கம்பளிக் கொழுப்பில் செய்த ஃப்ளூயிட் ஃபிலிம், கனடாவின் க்ரோன் எண்ணெய் இரண்டுமே நல்லவை. அடிப்பது முக்கியமே தவிர பெயர் முக்கியமில்லை. வண்டியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முதல் உப்பு விழுமுன் அடித்துவிட வேண்டும். பீச்சுக்குழலின் நீண்ட முனையைத் துளைகளுக்குள் விட்டு உட்புறம் நனைய அடிக்காவிட்டால், இந்த சேசிஸுக்கு அது வெறும் அலங்காரம். பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது. ரப்பர் புஷ்களில் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். சில நாள் சொட்டும், ஒரு வாரம் நாறும், அடுத்த ஆண்டு மறுபடி செய்ய வேண்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து, ஒரே முறை அடித்தால் போதும் என்று தார் போன்ற ரப்பர் பூச்சை விற்பவர்களிடம் போகிறவர்கள் உண்டு. புது வண்டிக்கு அது ஒருவேளை பொருந்தலாம். ஏற்கெனவே துரு பிடித்த இரும்பின் மேல் அடித்தால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துக் கட்டிய பொட்டலம்தான். விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து, மேலே பளபளப்பு குறையாமல் கீழே இரும்பு கரையும். விற்பனைக்கு நிற்கும் பழைய டகோமாவின் அடிப்பக்கம் புதுக் கருப்பாக மின்னினால் சந்தேகப்படுவதே நல்லது. சூடேற்றிய கராஜும் இதே மாதிரி ஒரு போலி நண்பன். வெளியே உறைந்து கிடக்கும்போது துரு மெதுவாகத்தான் நகரும். கதகதப்பில் பனி உருகி, உப்புநீர் இடுக்கெல்லாம் இறங்கி, இரவெல்லாம் வேலை செய்யும். கழுவாமல் கராஜில் விடுவதைவிட வாசலில் விடுவது மேல்.

சக்கரங்களில் ஆசைதான் எதிரி. அகலமான டயர் கம்பீரமாக இருக்கும், ஆனால் மெல்லிய பனியிலும் சேற்றுப்பனியிலும் மிதக்கும். 31 அங்குல விட்டமுள்ள அகலமான டயரைக் கழற்றி வைத்துவிட்டு 235/75 ஆர்15 அளவில் பனிக்கால டயர் போட்டால், அது பனியை வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் பனிச்செதிலும் பொறித்த குறி இருக்க வேண்டும். எம்+எஸ் எழுத்து மட்டும் போதாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். அந்த அளவில் பழைய இரும்பு ரிம் நான்கு வாங்கி, டயரை அதிலேயே நிரந்தரமாக மாட்டிவிடுவது நல்லது. அலாய் வீலில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தை உப்பு அரித்துவிடும். காற்று தெரியாமல் கசியும். இரும்பு ஹப்போடு அலுமினியம் ஒட்டிக்கொண்டு கழற்ற வராத தொல்லை வேறு. ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து ஆன்டி-சீஸ் பசையை மெலிதாகத் தடவினால் ஒட்டாது. போல்ட் மரையில் தடவக்கூடாது. நட் அளவுக்கு மீறி இறுகிவிடும். டார்க் ரெஞ்சால் முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ குறையும்.

ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. அது பின்பெட்டிக்கு அடியில் ஒரு வின்ச்சில் தொங்குகிறது. அந்த வின்ச் துருவில் இறுகிவிட்டால், பஞ்சரான இரவில் சக்கரம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. இலையுதிர் காலத்தில் ஒருமுறை கீழே இறக்கி, எண்ணெய் விட்டு ஏற்றி வைக்க வேண்டும்.

மற்றவை எல்லா வண்டிக்கும் உள்ளவைதான்: பேட்டரி, பாதிக்குப் பாதி கூலன்ட், 5டபிள்யூ-30 ஆயில். காலிப் பெட்டியோடு ஓடும்போது பின்சக்கரம் வழுக்கும் என்பதால், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை நகராமல் கட்ட வேண்டும். ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. பனி, சேறு, சரளையில் மாதம் ஒருமுறையாவது போட்டு ஓட்டினால் இறுகாமல் இருக்கும். இடையில் வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாட்களில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பனிக்காலம் முடிந்து முதல் மழைகள் சாலை உப்பை அடித்துப்போனதும், ஒரு தோட்டக் குழாயைச் சேசிஸ் துளைகளுக்குள் விட்டு, வடிகிற நீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும்.