கிளையில் தொங்கிய கண்ணாடி

திருமுடிவாக்கம் சிட்கோவில் என் மைத்துனர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின் என்று சில்லறைச் சாமான்கள் கடைந்து கொடுக்கிற நாலு மெஷின் ஷெட். போன மாதம் போனபோது ஆர்டர் வேலையை ஓரங்கட்டிவிட்டு, அவருடைய அப்பாவின் பழைய புல்லட்டுக்கு ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தார். "கடையில வாங்கினது சரியா உட்கார மாட்டேங்குது அத்தான்."

வலது பக்கம் கியர் உள்ள அசல் திருவொற்றியூர் வண்டி. இங்கிலாந்து ரெட்டிச்சில் பிறந்து, 1955-ல் மதராஸுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். பிறந்த ஊரில் கடையை மூடிய பிறகும் இங்கே விடாமல் தயாரித்தார்கள். ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷரை அழுத்தி ஒரு உதை விட்டதும் அந்த 'டுக் டுக்' கிளம்பியது. மைத்துனரின் பையன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், வெளிவட்டச் சாலைப் பக்கம் ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்று ஏறினான். ஹெல்மெட் முழங்கையில்.

"தலையில மாட்டுடா."

"புல்லட்டுக்கு ஹெல்மெட் செட் ஆகாது மாமா. கெத்தே போயிடும்."

இந்தக் கெத்து எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ராத்திரி 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை மறுபடி பார்த்தேன். 1962-ல் டேவிட் லீன் எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். எல்லோருக்கும் பாலைவனமும் ஒட்டகமும்தான் ஞாபகம் இருக்கும். (நம்ம ஊர் ஐ.எஸ்.ஜோஹரும் அதில் உண்டு, பாலைவனத்தில் தொலைந்துபோகும் காசிமாக.) ஆனால், படம் ஆரம்பிப்பது ஒரு மோட்டார் சைக்கிளில். டைட்டில் ஓடும்போது உச்சியிலிருந்து பார்க்கிற காமிரா. கீழே ஒருவர் வண்டியைத் துடைக்கிறார், உதைக்கிறார், கிளம்புகிறார். கிராமத்துச் சாலை. வேகம் ஏற ஏற பீட்டர் ஓ'டூல் முகத்தில் ஒரு சிரிப்பு. எதிரே இரண்டு சைக்கிள்கள். ஒடிக்கிறார். அப்புறம் அவர் இல்லை. மரக்கிளையில் அவருடைய காற்றுக் கண்ணாடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஒரு சாவை இவ்வளவு அடக்கமாகக் காட்டிய படம் அபூர்வம்.

மோட்டார் சைக்கிள் அதோடு முடியவில்லை. சினாய் பாலைவனத்தைத் தாண்டி லாரன்ஸ் சூயஸ் கரைக்கு வரும்போது, அக்கரையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வண்டியை நிறுத்தி 'நீ யார்?' என்று கத்துவார். பதில் இல்லை. கடைசிக் காட்சியில், ஊர் திரும்பும் லாரன்ஸின் காரை ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டு புழுதி கிளப்பிப் போகும். லீனுக்கு அது எமனின் எருமை. மூன்று முறை வந்து மணியடித்துவிட்டுப் போகிறது. படமாக அற்புதம். என் புகார், அது விதி என்று சொல்லிவிட்டதில்தான்.

நிஜ லாரன்ஸுக்கு மோட்டார் சைக்கிள் எமன் அல்ல, சந்தோஷம். அரபுப் போர்ப் புகழிலிருந்து தப்பிக்க, பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர். 1927-28-ல் கராச்சியிலும் மிரான்ஷாவிலும் இருந்திருக்கிறார். அவரிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் இருந்தன. தயாரித்த ஜார்ஜ் பிரஃபின் பெயரிலேயே ஜார்ஜ் ஒன்று, இரண்டு, ஏழு என்று ராஜாக்களைப் போல நம்பர். 'தி மின்ட்' புத்தகத்தில் ஒரு விமானத்தோடு சாலையில் போட்டி போட்டதை எழுதியிருக்கிறார். அத்தனை வேகமும் போய் முடிவது, பாரக் நண்பர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கி வருவதில்! படத்தில் இந்த மனிதர் இல்லவே இல்லை.

பிரஃப் வண்டியும் நம்ம சிட்கோ மாதிரிதான். நாட்டிங்ஹாமில் ஒரு சின்னத் தொழிற்சாலை. இன்ஜின் ஒருத்தரிடம், கியர்பாக்ஸ் இன்னொருத்தரிடம் வாங்கிச் சேர்த்தார்கள். சேர்க்கிற கையில்தான் பெருமை. எஸ்.எஸ்.100 என்ற மாடல் மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் தொடும் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். 1920-களில்!

1935 மே 13, விபத்து. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து, மே 19-ல் இறந்தார். வயது 46. வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள். இன்றைக்கும் இருக்கிறது.

படம் முடிகிற இடத்துக்கு அப்புறம்தான் எனக்கு முக்கியமான கதை. லாரன்ஸைக் கவனித்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்று ஒரு மூளை அறுவை நிபுணர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. விதி என்று அவர் விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் செத்தவர்களை எண்ண ஆரம்பித்தார். யாருக்குத் தலையில் அடி, யார் கவசம் போட்டிருந்தார்கள் என்று கணக்கெடுத்து 1941-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல். நமக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்தும், 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது.

நம் சினிமா இதில் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 'ஷோலே'யில் சைடு கார் வைத்த பி.எஸ்.ஏ.வில் பாடிக்கொண்டே போன நண்பர்களில் இருந்து இன்றுவரை கதாநாயகன் தலையில் காற்றுதான். காரணம் வியாபாரம். கோடி கொடுத்து வாங்கிய முகத்தை யார் மூடுவார்கள்? நிஜமாகவே பந்தயம் ஓட்டி, விழுந்து, ஆபரேஷன் பண்ணிக்கொண்ட அஜித், தன் சொந்தப் பயணங்களில் முழுக் கவசத்தோடுதான் போகிறார். ஓட்டத் தெரிந்தவருக்குத் தெரிகிறது. ரசிகன் காப்பியடிப்பது அந்த அஜித்தை அல்ல, திரையில் முடி பறக்கும் ஹீரோவை.

அடுத்த ஞாயிறு மைத்துனர் குடும்பத்தோடு வந்தபோது பையனுக்கு அந்த முதல் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். டாக்டர் கதையையும் சொன்னேன்.

"அந்த டாக்டரைப் பத்தி யாரும் படம் எடுக்கலையா மாமா?"

"எடுத்தா நீ பார்ப்பியா?"

சிரித்தான். கிளம்பும்போது வாசலுக்கு வந்து பார்த்தேன். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. ஸ்ட்ராப் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஸ்ட்ராப்பை மாட்டுடா" என்று கத்தினேன். புல்லட் சத்தத்தில் கேட்டிருக்காது.