இரண்டு 88-கள்

போன வாரம் நண்பர் ஒருவர் மேசையில் இரண்டு பேனாக்களை வைத்தார். "ரெண்டும் அரோரா 88. எது அசல்னு சொல்லுங்க பார்ப்போம்." ஒன்று பழையது: கறுப்பு உடல், உலோக மூடி, முள்ளின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. மற்றது இன்றைக்குக் கடையில் கிடைப்பது; பெரிய தங்க முள் பளிச்சென்று வெளியே தெரிகிறது.

ஆர்வலர்கள் எழுதும் அரோரா வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். 1919, தூரின் நகரம், ஜவுளித் தொழிலதிபர் ஐசையா லெவி. (இத்தாலியின் முதல் பேனா கம்பெனி யார் என்று 1912-ஐச் சொல்லும் மோன்டேகிராப்பாவோடு ஒரு வழக்கு உண்டு, அதை விட்டுடலாம்.) பிறகு 1947, மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த 88. அங்கிருந்து ஒரே தாவல்: தங்க முள்ளை இன்றும் தாங்களே செய்கிறார்கள் என்ற பெருமை. எதுவும் பொய்யில்லை. ஆனால் 88 ஏன் அப்படி இருந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதாகக் காணோம்.

நிட்சோலி ஒலிவெட்டி கம்பெனிக்கு வேலை செய்தவர். 1948-இன் லெக்சிக்கன் 80, 1950-இன் லெட்டெரா 22 இரண்டு தட்டச்சுப் பொறிகளும் அவர் வடிவமைத்தவை. லெக்சிக்கனைப் பார்த்தால் புரியும்: உள்ளே இருக்கும் கம்பிகளையும் நெம்புகோல்களையும் ஒரே தோலால் மூடியதுபோல் இருக்கும். 88-இலும் அதே கைதான். முள்ளை மூடும் யோசனை அவருடையதல்ல. 1941-லேயே பார்க்கர் 51-இல் வந்துவிட்டது. மூடினால் முள் சீக்கிரம் காயாது என்பது கணக்கு. நிட்சோலி அதை வாங்கி, பின்குமிழைத் திருகி மை ஏற்றும் பிஸ்டன் பேனாவுக்குப் பொருத்தி, நுனியிலிருந்து வால்வரை ஒரே கோடாக இழைத்துவிட்டார். முள் தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பேனாவே.

இன்றைய 88 அந்த முள்ளைத் திறந்து காட்டி, மேலே கொடிக்கோலமும் போட்டு விற்கிறது. உருண்ட உடல்வாகு மட்டும் மிச்சம். நல்லா எழுதுது, அதை மறுக்க மாட்டேன். மை தீர்ந்து நின்றதும் பிஸ்டனைத் திருகினால் ஒளித்து வைத்த மை கொஞ்சம் இறங்கும். முள்ளைவிட இந்த ஏற்பாடுதான் எனக்கு நிட்சோலியை ஞாபகப்படுத்துகிறது; எழுதுகிறவன் பாதி வாக்கியத்தில் நிற்பானே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இதே கம்பெனி 1970-இல் மார்கோ ஸனூசோவிடம் கொடுத்து, மெல்லிய உலோகக் குழாய் மாதிரி ஹாஸ்டில் பேனாவைச் செய்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது. அதாவது, பழசைத் தூக்கிப்போடத் தெரிந்த கம்பெனிதான். பெயரையும் ஆண்டையும் மட்டும் வரலாறாக எழுதி வைத்தால், 88 என்ற பெயரிலேயே அதற்கு நேர் எதிரான பேனாவை விற்கலாம். நாமும் பாரம்பரியம் என்று கைதட்டுவோம்.

பழையதை நண்பரிடம் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பிஸ்டன் இறுகிக் கிடக்குது. முனையை மட்டும் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.